தேய்ந்த சக்கரமும் பழைய மரமும்

நெடுநாள் உறங்கிய பழைய மண்டலின் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்க்கிறோம். மெருகு மங்கியிருக்கிறது, ஆயினும் பலகையில் விரிசல் இல்லை, கழுத்து வளையவில்லை. புதுக் கம்பிகளைப் பூட்டிச் சுருதி சேர்க்கத் தொடங்கும்போதுதான் குறை தெரிகிறது. தலைப்பலகையின் ஓரத்திலுள்ள குமிழைத் திருகுகிறோம். கம்பி அசைய மறுக்கிறது. மேலும் சற்றுத் திருகுகிறோம். சுருதி ஒரேயடியாய்த் தாவிவிடுகிறது. ஒருவாறு சேர்த்து முடித்து இரண்டு வரி வாசிப்பதற்குள் மீண்டும் இறங்கிவிடுகிறது. அருகில் நிற்பவர் தயங்காமல் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்: "பழசாகிவிட்டது. இனி உதவாது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்."

அந்தத் தீர்ப்பு சரிதானா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் பழையதைக் கையில் வைத்திருக்கும் யாரும், எந்தக் குடும்பமும், எந்தப் பங்கும், ஏன், திருச்சபையுமே தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் கேள்வி அது. எனவே அந்தச் சிறு பொறியின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்போம். நம் வீணையில் 'பிரடை' என்றும், பொதுவாக முறுக்காணி என்றும் வழங்கும் மரத்துண்டின் வேலையைத்தான் மண்டலினில் ஒரு சிறு உலோகப் பொறி செய்கிறது. 'டியூனிங் கீ' என்று நம் இசைக்குழுவினர் அழைக்கும் அதனை இங்கே சுருதிப் பொறி என்று குறிப்பிடுவோம்.

நரம்பிலிருந்து கம்பிக்கு

மண்டலின் இத்தாலிய மண்ணில் பிறந்த கருவி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிசு நகரில் அதற்கு இசை எழுதியவர்களுள் ஒரு குருவும் இருந்தார். அவர் அந்தோனியோ விவால்டி (1678–1741). 1703இல் குருத்துவத் திருநிலை பெற்ற அவர், அதே ஆண்டில் 'பியேத்தா' என்னும் ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தில் இசையாசிரியராகப் பணியேற்றார். யூதித்தின் வரலாற்றை வைத்து 1716இல் அச்சிறுமியருக்காக அவர் அமைத்த இசை நாடகத்தில் ஒரு பாடலுக்கு மண்டலின் துணை வருகிறது. அந்நாளைய வெனிசு மண்டலின் ஆட்டுக்குடல் நரம்பு பூட்டிய மென்மையான கருவி. அதற்கு மர முறுக்காணிகளே போதுமானவையாய் இருந்தன.

இன்று நாம் மண்டலின் என்றவுடன் நினைக்கும் கருவி அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேப்பிள்சு நகரில் உருப்பெற்றது. நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள். வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ என்ற சுருதி வரிசை. பின்புறம் கிண்ணம்போல் குவிந்த வயிறு. வினாச்சியா குடும்பத்தார் அந்நகரில் இக்கருவியைச் செய்து புகழ் பெற்றனர். அதே காலத்தில் அதே நேப்பிள்சின் மைந்தராக வாழ்ந்தவர் புனித அல்போன்ஸ் மரிய லிகோரி (1696–1787). இரட்சகர் சபையை 1732இல் நிறுவிய அவர் இசையறிவும் மிக்கவர். இத்தாலிய மக்கள் இன்றும் கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடும் புகழ்பெற்ற பாடல் அவருடையதே. அவர் மண்டலின் மீட்டினார் என்று சொல்வதற்காக இதை நினைவூட்டவில்லை. ஒழுக்கநெறி இறையியலில் அவர் ஆற்றிய பணி, சுருதி சேர்ப்பவனின் பணியை நமக்கு நினைவூட்டுவதால் சொல்கிறோம். மனச்சான்றை இரும்புப் பிடியால் இறுக்கிய கடுநெறியாளர் ஒருபுறம். அதை முற்றிலும் தளரவிட்டோர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் நடுவே ஆன்மாக்களுக்கு உகந்த இழுவிசையைத் தேடினார் அவர். 1871இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என அறிவித்தது.

கருவியின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1835ஆம் ஆண்டையொட்டி, வினாச்சியா குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்குவாலே என்பவர் மண்டலினைப் பெரிதும் மாற்றியமைத்தார். குடல் நரம்புக்கும் மென்மையான பித்தளைக் கம்பிக்கும் பதிலாக வலிய எஃகுக் கம்பிகளைப் பூட்டினார். அதற்கேற்ப உடலை வலுவாக்கினார். மெட்டுகள் பதித்த பலகையை உயர்த்தி நீட்டினார். ஒலி ஓங்கியது. ஆனால் எஃகுக் கம்பியோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது.

குடல் நரம்பு நன்கு நீளும் இயல்புடையது. ஆணியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினாலும் சுருதி அதிகம் பிசகாது. எஃகு அப்படியன்று. மண்டலினின் மிக மெல்லிய இ கம்பி கால் மில்லிமீட்டர் பருமனே உடையது. அதன் சுருதியை அரைச்சுரம் உயர்த்த அதை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீட்டினாலே போதும். ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள மர ஆணி ஒன்று, ஒரு முழுச் சுற்றில் சுமார் 19 மில்லிமீட்டர் கம்பியை இழுத்துவிடும். அப்படியானால் நுட்பமாகச் சுருதி சேர்க்க ஆணியை ஒரு பாகை, இரண்டு பாகை என்ற அளவில் திருப்ப வேண்டும். மனிதக் கைக்கு அது எளிதான செயல் அன்று. மேலும் எட்டுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை, இன்றைய மண்டலினில் 65 முதல் 80 கிலோ எடைக்கு நிகரானது. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அந்தச் சிறு தலைப்பலகையில் தொங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. வெறும் உராய்வை நம்பி நிற்கும் மர ஆணி இதை எப்படித் தாங்கும்? எனவே வினாச்சியா எஃகுக் கம்பியுடன் உலோகச் சுருதிப் பொறியையும் மண்டலினுக்குக் கொண்டுவந்தார்.

மரையும் பல்லும்

பொறியின் அமைப்பு மிக எளியது. குமிழோடு இணைந்த ஒரு சிறு தண்டில் திருகாணியைப் போல மரை வெட்டப்பட்டிருக்கும். இதை மரைத்தண்டு என்போம். அது ஒரு பற்சக்கரத்தோடு கவ்வி நிற்கும். அந்தச் சக்கரம், கம்பியைச் சுற்றிக்கொள்ளும் தண்டின் அடியில் ஒரு சிறு திருகால் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரத்தில் பதினான்கு பற்கள் இருந்தால், குமிழைப் பதினான்கு முறை சுற்றினால்தான் கம்பித்தண்டு ஒரு முறை சுற்றும். மர ஆணி 19 மில்லிமீட்டர் இழுத்த இடத்தில் இப்பொறி ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இழுக்கும். கைக்கு அடங்காத நுட்பம் இவ்வாறு கைக்கு அடங்குகிறது.

இப்பொறிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மரை சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் மரையைத் திருப்ப இயலாது. குமிழை நம் விரல் எளிதில் நகர்த்துகிறது. ஆனால் கம்பி இரவும் பகலும் இழுத்தாலும் குமிழ் பின்வாங்குவதில்லை. மெல்ல மெல்லச் சேர்த்த சுருதி அங்கேயே நிற்கிறது. நல்ல பழக்கம் ஒன்றைச் சிறுகச் சிறுக உள்ளத்தில் பதித்தவர்களுக்கு இந்த நிலைபேற்றின் அருமை விளங்கும்.

மரையும் சக்கரமும் இணைந்த இவ்வமைப்பைப் பழைய மரபு சிசிலித் தீவின் சிராக்கூசு நகரத்து ஆர்க்கிமிடிசோடு இணைத்துப் பேசுகிறது. ஆயினும் அது இசைக்கருவிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. 1778இல் பெர்லின் நகரக் கருவிக் கலைஞர் கார்ல் லுட்விக் பாக்மன், பெரிய 'டபுள் பாஸ்' கருவிக்கு இத்தகைய பொறியை அமைத்தார். அக்கருவியின் தடித்த நரம்புகளை மர ஆணியால் முறுக்குவது பெரும்பாடாக இருந்ததே அதற்குக் காரணம். 1820களில் வியன்னாவின் யோகான் கியோர்க் ஸ்டாஃபர் கிட்டாருக்கு நேர்த்தியான பொறிகளைப் பயன்படுத்தினார். அவரிடம் பணியாற்றிய கிறிஸ்தியான் பிரெடெரிக் மார்ட்டின் 1833இல் அமெரிக்கா சென்றார். சில ஆண்டுகளுக்குப்பின் பென்சில்வேனியாவில் நாசரேத்து என்னும் ஊரில் குடியேறி, இன்றும் இயங்கும் கிட்டார் தொழிலகத்தை வளர்த்தார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்டலினுக்குப் பொற்காலம் வாய்த்தது. இத்தாலிய அரசி மார்கரீத்தா அதை விரும்பிப் பயின்றதால் மாளிகைகளிலும் அதற்கு மதிப்பு ஏற்பட்டது. சிசிலியின் கத்தானியா நகரம் மண்டலின்களைப் பெருமளவில் செய்து ஏற்றுமதி செய்தது. ஆர்க்கிமிடிசின் சிராக்கூசு அந்நகருக்குத் தெற்கே, அதே கடற்கரையில்தான் இருக்கிறது.

கடல் கடந்த கருவி

1880இல் எசுப்பானிய மாணவர் இசைக்குழு ஒன்று நியூயார்க் வந்து பெரும் வரவேற்புப் பெற்றது. அவர்கள் வாசித்தது 'பந்தூரியா' என்னும் வேறொரு கருவி. அதை மண்டலின் என்றே மக்கள் எண்ணினர். அங்கிருந்த இத்தாலிய இசைஞர்கள் வாய்ப்பை நழுவவிடாமல் மண்டலினை ஏந்திக் குழுக்கள் அமைத்தனர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் நேப்பிள்சு, சிசிலி முதலிய தென்பகுதிகளின் ஏழைக் கத்தோலிக்கர். இவர்களுக்குப் பணிபுரியவே புனித பிரான்சிஸ் சவேரியார் கபிரினி அன்னை 1889இல் நியூயார்க் சென்றார். செபமாலையும் சுரூபமும் போலவே மண்டலினும் அம்மக்களோடு கப்பலேறியது. இத்தாலியரின் முடிதிருத்தும் நிலையங்களில் காத்திருப்போர் எடுத்து மீட்டுவதற்காகச் சுவரில் மண்டலின் தொங்குவது அந்நாளைய வழக்கம்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர், கிண்ண வயிற்றை விட்டுவிட்டு, வயலினைப் போல மரத்தைக் குடைந்து செதுக்கி மண்டலின் செய்தார். 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரால் அங்கே ஒரு நிறுவனம் தோன்றியது. 1922இல் அந்நிறுவனத்தின் பொறியாளர் லாயிட் லோர் உருவாக்கிய 'எஃப்-5' என்ற வகையை இன்றுவரை யாரும் விஞ்சவில்லை என்று கருதுவோர் பலர். இப்போது 'பழைய பாணி' என்று விற்கப்படும் மண்டலின்களில் பெரும்பாலானவை அக்காலத்துக் கலமசூ வடிவங்களைப் பின்பற்றுபவையே.

அந்த 1920களின் நடுப்பகுதியில் சுருதிப் பொறியிலும் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. கம்பி எப்போதும் தன் தண்டைக் கழுத்துப் பக்கமாகக் கீழே இழுக்கிறது. பழைய அமெரிக்கப் பொறிகளில் மரைத்தண்டு சக்கரத்துக்கு மேலே, தலைப்பலகையின் நுனிப்பக்கம் இருந்தது. ஆகவே கம்பியின் இழுவிசை சக்கரத்தை மரையிலிருந்து விலக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கவ்வுதல் தளர்ந்தது. பின்னர் வந்தவற்றில் மரைத்தண்டைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தனர். எந்த விசை சக்கரத்தை விலக்கியதோ அதே விசை இப்போது அதை மரையோடு அழுத்தியது. சுமையை அவர்கள் குறைக்கவில்லை. அது துணைசெய்யும்படி இடத்தை மட்டும் மாற்றினர். பழைய மண்டலினைப் பழுதுபார்ப்போர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. எந்தக் காலத்துப் பொறி என்று பாராமல் வாங்கி வந்தால், குமிழ்கள் இடம் மாறி நிற்கும். தகட்டின் திருகுத் துளைகளும் பொருந்தா.

நம் நாட்டில் இக்கருவி இன்னொரு மாற்றத்தைக் கண்டது. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த உ. சீனிவாஸ் (1969–2014) மின்மண்டலினில் கருநாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். இணைக் கம்பிகள் இரண்டையும் ஒன்றுபோல் இழுத்துக் கமகம் காட்டுவது கடினம். ஆதலால் அவர் இணைகளைக் கைவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளைப் பூட்டிக்கொண்டார். கருவி மாறியது, ஆனால் மாற்றத்தைக் கேட்டது இசையின் தேவை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு தேய்ந்த பொறியிடம் வருவோம்.

குறை எங்கே இருக்கிறது?

சுருதி நிற்கவில்லை என்றதும் பொறியின்மேல் பழிபோடுவது எல்லாருக்கும் எளிது. அனுபவமுள்ள கைவினைஞர் அப்படிச் செய்வதில்லை. அவர் முதலில் பார்ப்பது, கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் சிறு எலும்புத் துண்டை. அதிலுள்ள பள்ளம் குறுகலாக இருந்தால் கம்பி அங்கே சிக்கிக்கொள்ளும். குமிழைத் திருப்பும்போது அசையாமல் இருந்து, திடீரெனத் தாவும். நாம் தொடக்கத்தில் கண்ட தாவலுக்கு இதுவே காரணமாக இருக்கக் கூடும். பள்ளத்தைச் சற்றே சீராக்கி, பென்சிலின் கரியைத் தடவினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஒன்றும் அறியாத பொறியைக் கழற்றி எறிந்திருந்தால் புதிய பொறியிலும் அதே தொல்லை தொடர்ந்திருக்கும்.

அடுத்துப் பொறியையே ஆராய வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றுதல் ஆகாது. மண்டலினின் குதிரை பலகையில் ஒட்டப்பட்டதன்று. கம்பிகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. அது இடம் பெயர்ந்தால் சுரத்தானங்கள் எல்லாம் பிசகும். எனவே ஒரு பக்கத்துப் பொறியைக் கழற்றும்போது மறுபக்கத்துக் கம்பிகளை அப்படியே இருக்கவிட வேண்டும்.

தேய்மானத்திலும் பல வகைகள் உள்ளன. பல்லாண்டு அழுக்கும் உறைந்த எண்ணெயும் பற்களில் அடைத்துக்கொண்டிருப்பது ஒன்று. மென்தூரிகையால் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டு, மிகுதியை மரத்தில் படாமல் ஒற்றி எடுத்தால் அது சரியாகிவிடும். சக்கரத்தைப் பிணைக்கும் நடுத்திருகு தளர்ந்திருப்பது மற்றொன்று. அதைச் சற்று முடுக்கினாலே போதும். மூன்றாவது குமிழின் அழிவு. அந்நாளில் தந்தத்தைப் போல் தோன்றச் செய்த செல்லுலாய்டு குமிழ்கள் காலப்போக்கில் நொறுங்கிப் பொடியாகும். அவற்றிலிருந்து எழும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். உடைந்த குமிழை மட்டும் அகற்றிப் புதுக் குமிழை அதே தண்டில் பொருத்தலாம். பொறி முழுவதையும் தள்ள வேண்டியதில்லை.

நான்காவதுதான் உண்மையான தேய்மானம். மரைத்தண்டு பெரும்பாலும் எஃகு, பற்சக்கரம் பித்தளை. வலியதும் மெலியதும் நாள்தோறும் உரசும்போது மெலியது தேய்கிறது. அதிலும் எல்லாப் பற்களும் ஒருபோல் தேய்வதில்லை. கம்பி முழுச் சுருதியில் நிற்கும்போது எந்தப் பற்கள் சுமையைத் தாங்குகின்றனவோ அவையே மிகுதியும் தேய்கின்றன. ஆகவே புதுக் கம்பி பூட்டும்போது தண்டில் அரைச் சுற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ சுற்றினால், இதுவரை ஓய்ந்திருந்த பற்கள் சுமையை ஏற்கும். தேய்ந்த சக்கரம் இவ்வாறு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மர ஆணிக்கு இல்லாத தளர்வு ஒன்று இத்தகைய பொறியில் இருக்கும். குமிழைத் திருப்பியும் சக்கரம் நகராத அந்தச் சிறு இடைவெளியைப் பட்டறைக்காரர் 'பிளே' என்பர். அது அளவோடு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பல் முறிந்திருந்தாலும், தண்டு வளைந்திருந்தாலும், கம்பியின் இழுப்பில் சக்கரம் மரையிலிருந்து நழுவினாலும் இனிப் பொறுத்தல் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் முறை

மாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அளவெடுக்க வேண்டும். ஒரு கம்பித்தண்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை எத்தனை மில்லிமீட்டர்? இன்றைய பொறிகளில் அது பொதுவாக 23. பழையவை இதற்கு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் தண்டுகள் துளைகளில் சாய்ந்து உரசி, புதுப் பொறியும் விரைவில் தேயும். அடுத்துத் தண்டின் பருமன், தகட்டின் நீளம், மரைத்தண்டு மேலா கீழா என்பது ஆகியவை.

புதுத் தண்டு துளையைவிட மெல்லியதாயின், துளைக்குள் பொருந்தும் உலோக வளையத்தை இட்டு நிரப்பலாம். புதுத் தண்டு தடித்ததாயின் என்ன செய்வது? துளையைக் குடைந்து பெரிதாக்கிவிடலாம் என்றே கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் தேவை. உலோகப் பொறி எங்கும் கிடைக்கும். நூறாண்டு முதிர்ந்த மரம் கிடைக்காது. குடைந்த துளையை முன்போல் ஆக்கவும் இயலாது. எனவே மரத்துக்கு ஏற்ற பொறியைத் தேட வேண்டுமேயன்றி, பொறிக்கு ஏற்ப மரத்தை வெட்டக் கூடாது. பழைய திருகுத் துளைகள் தளர்ந்திருந்தால் கடின மரச் சிம்பு ஒன்றைப் பசையுடன் செருகி, அதே இடத்தில் மீண்டும் முடுக்கலாம். கழற்றிய பழைய பொறிகளைக் குப்பையில் எறியாமல் ஒரு துணியில் முடிந்து கருவியின் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லோர் வழக்கம். பின்னால் வருபவர் ஒருவர் அவற்றைச் சீராக்கி மீண்டும் பொருத்த விரும்பலாம் அல்லவா?

இந்தப் பொறுமையின் எல்லைக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம். அமெரிக்க நாட்டுப்புற இசையில் 'புளூகிராஸ்' என்னும் மரபைத் தோற்றுவித்த பில் மன்றோ (1911–1996), 1940களில் புளோரிடாவின் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் லாயிட் லோர் கையொப்பமிட்ட 1923ஆம் ஆண்டு மண்டலின் ஒன்றைக் கண்டு வாங்கினார். வாழ்நாள் முழுவதும் அதையே வாசித்தார். 1985இல் அவர் வீட்டில் புகுந்த ஒருவன் கணப்பு அடுப்பின் இரும்புக்கோலால் அதை அடித்து நொறுக்கினான். எஞ்சியவை சில்லுகளே. சார்லி டெரிங்டன் என்ற கைவினைஞர் அந்தச் சில்லுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒட்டினார். 1986இல் கருவி மன்றோவின் கைக்குத் திரும்பியது. அவர் அதை மீண்டும் மேடையில் வாசித்தார். புதிய மண்டலின் ஒன்றைச் செய்து கொடுப்பது எவ்வளவோ எளிதாய் இருந்திருக்கும். ஆனால் அது அந்த மண்டலினாக இருந்திராது.

திருச்சங்கம் காட்டிய நெறி

இவ்வளவையும் ஒரு மறைமாவட்ட இதழில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. அதன் 23ஆம் எண், புதுப்பித்தலுக்கு ஒரு முறையை வகுத்துத் தருகிறது. நலமான மரபு காக்கப்பட வேண்டும். முறையான வளர்ச்சிக்கும் வழி திறந்திருக்க வேண்டும். எதையும் திருத்துமுன் இறையியல், வரலாறு, மேய்ப்புப்பணி ஆகிய நோக்குகளில் ஆராய வேண்டும். திருச்சபையின் நலன் உண்மையாகவே கோரினாலன்றிப் புதுமைகள் புகுத்தப்படலாகாது. புதிய வடிவங்கள் ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து உயிர்த்தொடர்போடு வளர வேண்டும். இதுவே அதன் கருத்து. முதலில் ஆராய்தல், தேவையிருந்தால் மட்டும் மாற்றல், மாற்றும்போது உள்ளதோடு பொருத்துதல் என்று சுருக்கிச் சொன்னால், நல்ல கைவினைஞர் தேய்ந்த பொறியிடம் காட்டும் அணுகுமுறையும் இதுவே.

ஆனால் நடந்தது எப்போதும் இப்படி இருந்ததா? நம் பங்குகளில் புதுப்பித்தல் என்ற பெயரால், மரவேலைப்பாடு மிக்க பழைய பீடங்களும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளும் விறகு விலைக்குப் போன கதைகளை முதியோர் வருத்தத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடகர் மாடத்தின் மூலையில் தூசி படிந்து கிடந்த ஆர்மோனியங்களும் வயலின்களும் எவரும் ஒருமுறை திறந்து பாராமலேயே எடைக்குப் போயின. துருத்தியில் ஒரு கிழிசல் மட்டுமே இருந்திருக்கலாம். பிரடை ஒன்று மட்டுமே வழுக்கியிருக்கலாம். திருச்சங்கம் கேட்டது இந்த அவசரத்தை அன்று.

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். பழையது என்ற ஒரே காரணத்துக்காகப் பல் முறிந்த சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் கருவிக்குச் செய்யும் தீங்கே. இசைக்க முடியாத மண்டலின் கண்ணாடிப் பேழைக்கு அழகாகலாம், பாடுவோருக்குத் துணையாகாது. மக்களுக்குப் புரியாத மொழியில் நெடுங்காலம் நடந்த வழிபாடு மக்களின் மொழிக்கு வந்தபோது, மாற்ற வேண்டிய பொறி ஒன்றுதான் மாற்றப்பட்டது. மரம் அப்படியே இருந்தது. எது பொறி, எது மரம் என்று பிரித்தறிவதே எல்லாக் காலத்திலும் கடினமான பணி. அந்தப் பணியில் குருக்களுக்கு மட்டுமன்று, பொதுநிலையினராகிய நமக்கும் பங்குண்டு.

கீழிருந்து ஏற்றுதல்

இனி அந்தப் பழைய மண்டலினை மீண்டும் மடியில் எடுத்துக்கொள்வோம். எலும்புத் துண்டின் பள்ளம் சீராகிவிட்டது. அழுக்கு நீங்கிவிட்டது. நொறுங்கிய குமிழுக்குப் புதுக் குமிழ் வந்துவிட்டது. ஏழு பொறிகள் பழையவையே. ஒன்றின் சக்கரம் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. தேய்மானம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. பற்களுக்கிடையே சிறு தளர்வு இன்னும் இருக்கிறது. அதோடு வாழும் வழியையும் பழைய இசைஞர்கள் அறிந்து வைத்திருக்கின்றனர்.

சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கை தவறிச் சுருதி கூடிவிட்டால், அங்கிருந்து சற்றே இறக்கி அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. அப்படி நிறுத்தினால் மரைக்கும் பல்லுக்கும் இடையே அந்தத் தளர்வு மறைந்திருக்கும். வாசிக்கத் தொடங்கியதும் கம்பி அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே வேண்டிய சுருதிக்கும் கீழே நன்றாக இறக்கி, மீண்டும் பொறுமையாக ஏற்றி, வந்து சேர வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது மரை பல்லை இறுகக் கவ்வியிருக்கும். தேய்ந்த பொறியும் சுருதியைத் தாங்கி நிற்கும்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடும் நமக்கு இந்த விதி புதிதன்று. வழி தவறியதை அரைகுறையாய்ச் சரிசெய்து சமாளித்த நாள்களில் நாம் நிலைத்து நின்றதில்லை. முழுவதும் தாழ்ந்து, அங்கிருந்து எழுந்த நாள்களில், தேய்ந்த நிலையிலும் நின்றிருக்கிறோம். எட்டுக் கம்பிகளையும் இணை இணையாகச் சேர்த்து முடித்து ஒருமுறை மீட்டிப் பார்க்கிறோம். உதவாது என்று சொன்னவரும் திரும்பிப் பார்க்கிறார்.